நாணம் யாருக்கு?

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நான்கு சொற்களை மணமேடை வாழ்த்துரையிலே கேட்டிருக்கிறோம், பட்டிமன்றத்திலே கேட்டிருக்கிறோம், பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடவேளையிலே கேட்டிருக்கிறோம். நான்கும் பெண்ணுக்கு அணிகலன்களாம்! பொன்னால் செய்த அணிகலனைப் பெண் கழற்றி வைக்கலாம், அடகு வைக்கலாம், வேண்டுமானால் விற்கவும் செய்யலாம். இந்த நான்கு அணிகளை மட்டும் கழற்ற அவளுக்கு உரிமை இல்லை. ஆணுக்கோ இவற்றைப் பூணும் தொல்லையே கிடையாது!

அச்சம் அடிமைக்கு இலக்கணம். அதைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. மடம் என்பது அறியாமை, அல்லது அறிந்தும் அறியாதது போல் இருத்தல். கல்லூரியிலே முதல் வகுப்பில் தேறி வரும் பெண்ணிடம் அதை எதிர்பார்ப்போர் இரங்கத்தக்கவர். பயிர்ப்பு என்றால் என்ன என்று கேளுங்கள். வாழ்த்துரைத்தவரே அகராதியைத் தேடுவார். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, நாணம் என்ற ஒன்றை மட்டும் எடுத்து ஆராய்வோம்.

காரணம் உண்டு. மற்ற மூன்றும் எறியத்தக்கவை. நாணமோ களவாடப்பட்ட பொருள். மாந்தர் அனைவருக்கும் பொதுவாக இருந்த ஓர் உயர்ந்த உணர்ச்சியின் பெயர், அதன் பொருளிலிருந்து பிரிக்கப்பட்டு, பெண்ணின் கன்னத்திலே பூசும் அரிதாரமாக மாற்றப்பட்டிருக்கிறது. களவு போன பொருள் கைக்கு அகப்பட்டால் அதைக் குப்பையிலே எறிவது அறிவுடைமை அன்று. உரியவனிடம் ஒப்படைப்பதே முறை. அந்த உரியவன் யார்? அதைத்தான் இங்கே கேட்கிறோம்.

சொல்லும் சுற்றமும்

'நாண்' அடிச்சொல். நாணுதல் வினை, நாணம் பெயர். தமிழோடு பிறந்த மொழிகளிலும் இது வாழ்கிறது. பழங்கன்னடத்தில் உண்டு. மலையாளத்தில் நாணம் அன்றாடச் சொல். 'நாணக்கேடு' என்று மலையாளி சொன்னால், பலர் அறிய நேர்ந்த இழிவு என்று பொருள். அதை ஆணுக்கும் சொல்வர், அரசுக்கும் சொல்வர், தோற்றுத் திரும்பிய பந்தாட்டக் குழுவுக்கும் சொல்வர்.

தமிழில் இச்சொல்லுக்கு உறவினர் இருவர். ஒருவர் கூச்சம், கூசுதல் என்ற வினையிலிருந்து பிறந்தவர். ஒளி பட்டுக் கண் கூசுகிறது. விரல் பட்டு உடல் கூசுகிறது. புதியவர் முன்னே பேச நாக் கூசுகிறது. கூச்சம் உடலின் சுருக்கம். அதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மற்றவர் வெட்கம், வெள்குதல் என்ற பழைய வினையின் வழி வந்தவர். நாணம் இந்த இருவரினும் ஆழமானது. 'பழிநாணுதல்' என்ற தொடரைப் பாருங்கள். பழி என்ற சொல்லோடு கூடி நிற்கும்போதுதான் நாண் தன் முழு உயரத்தில் நிற்கிறது. செய்யத் தகாததைச் செய்துவிட்டோமே என்று உள்ளம் தன்னைத்தானே சுடும் சூடு, அதற்கே நாண் என்று பெயர்.

இன்றைய வழக்கு என்ன? மேடையிலே ஒரு கொடுமையைக் கண்டிக்கும்போது 'வெட்கித் தலைகுனிய வேண்டும்' என்கிறோம், 'வெட்கக்கேடு' என்கிறோம். நாணத்தை அந்த இடத்தில் நாம் அழைப்பதில்லை. அது, திரைப்படத்திலே கதாநாயகி கால் பெருவிரலால் தரையில் கோலம் போடும் காட்சிக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அறத்தின் பக்கம் நின்ற சொல் அலங்காரத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது. எப்படி?

இலக்கணத்தின் இரு குரல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஒன்று களவியல். ஆணுக்குப் பெருமையும் உரனும், பெண்ணுக்கு அச்சமும் நாணும் மடனும் என்று அங்கே பங்கு பிரிக்கப்படுகிறது. கவனியுங்கள், மூன்றுதான், நான்காவதாகிய பயிர்ப்பு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. உயிரைக் காட்டிலும் நாண் சிறந்தது, நாணைக் காட்டிலும் கற்புச் சிறந்தது என்று படிக்கட்டு அமைப்பதும் அதே இயல்தான். இதை மறைத்துவிட்டு, பண்டைத் தமிழகத்திலே பெண்ணுரிமை பூத்துக் குலுங்கியது என்று பேசும் பழம்பெருமை நமக்கு வேண்டாம். நம் வீட்டு ஏடு என்பதற்காகக் கறையைச் சந்தனம் என்று சொல்லமாட்டோம்.

ஆனால், இரண்டாவது இடமும் உண்டு. மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, பிறகு வேறு 32 மெய்ப்பாடுகளையும் அடுக்குகிறது. நடுவுநிலை, அருளல், அடக்கம், அன்பு என்பவற்றோடு நாணுதலும் அந்த வரிசையிலே இருக்கிறது. இங்கே ஆண் பெண் என்ற பாகப்பிரிவினை இல்லை. மனித உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் ஒன்று நாணுதல், அவ்வளவே.

ஆக, ஒரே நூலுக்குள் இரண்டு நாண்கள்! ஒன்று மனிதரின் உணர்ச்சி. மற்றொன்று பெண்ணுக்கு விதித்த கடமை. பின்வந்த புலவர் கூட்டம் எதைப் பெருக்கிற்று, எதைச் சுருக்கிற்று என்பதிலேதான் சூழ்ச்சி இருக்கிறது.

வள்ளுவர் பிரித்துக் காட்டினார்

இந்த இரண்டையும் முதன்முதல் எதிரெதிரே நிறுத்தி வேறுபாடு காட்டியவர் வள்ளுவர். திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. அது காதலைப் பாடும் இன்பத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், குடிமை, மானம், பெருமை, சான்றாண்மை, பண்புடைமை ஆகியவை இடம்பெற்ற குடியியலில் இருக்கிறது. இடம் பார்த்தாலே எண்ணம் விளங்கும்.

அதிகாரத்தின் முதற்குறளே ஒரு வேலி போடுகிறது. நாண் எனப்படுவது தகாத செயல் காரணமாக நாணுதல். அழகிய நெற்றியையுடைய மகளிரின் நாணம் வேறு வகை. அதுவன்று யான் சொல்ல வந்தது என்று எடுத்த எடுப்பிலே கூறிவிடுகிறார். ஏன் அப்படிக் கூற நேர்ந்தது? நாண் என்றதும் பெண்ணின் கூச்சத்தை எண்ணும் பழக்கம் அவர் காலத்திலேயே வேர்விட்டிருந்தது போலும்! 'அதை எண்ணாதே, இதை எண்ணு' என்று சுட்டுவிரல் நீட்டிச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

அடுத்த குறளைப் பாருங்கள். உணவும் உடையும் ஏனையவும் எல்லார்க்கும் பொது. மாந்தர்க்குச் சிறப்பு நாணுடைமை என்பது அதன் கருத்து. மாந்தர்! மகளிர் என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு குறளில் அதைச் சான்றோர்க்கு அணி என்கிறார். அணிகலன் என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது, அணிந்திருப்பவர் சான்றோர். மணமேடைப் புலவர்கள் அணியை எடுத்துக்கொண்டார்கள், அணிந்தவரை மாற்றிவிட்டார்கள்!

மேலும் போகிறார். தனக்கு வரும் பழிக்கு நாணுவது போலவே பிறருக்கு வரும் பழிக்கும் நாணுகிறவரையே நாணத்தின் உறைவிடம் என்று உலகம் சொல்லும் என்கிறார். இதைவிட உயர்ந்த சமுதாய உணர்ச்சி எது, தோழர்களே? தெருவிலே ஒருவன் இன்னொருவனைச் சாதி சொல்லி இழிவு செய்கிறான். பார்த்து நிற்கும் எனக்கு முகம் சுடுகிறது. இழிவு செய்தவன் நான் அல்லேன். இழிவுக்கு ஆளானவனும் நான் அல்லேன். எனினும் சுடுகிறது. அந்தச் சூடுதான் வள்ளுவர் சொன்ன நாண். சீர்திருத்தக்காரனுக்கு முதலீடு அதுவே.

ஆணுக்கு நாண் உண்டு என்பதற்கு இன்பத்துப்பாலிலேயும் சான்று கிடைக்கிறது. 114ஆம் அதிகாரம் நாணுத் துறவுரைத்தல். அதிலே பேசத் தொடங்குபவன் ஆண். காதல் கைகூடாமல் மடலேறத் துணிந்தவன் அவன். பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தெருவிலே வருவது மடலேறுதல். நாணும் நல்லாண்மையும் முன்பு என்னிடம் இருந்தன; இன்று இருப்பது மடல்தான் என்று அவன் வருந்துகிறான். நாணும் ஆண்மையும் ஒரு தெப்பத்தின் இரு கட்டைகளாக அவன் வாயிலே வருகின்றன. நாணம் வந்தால் ஆண்மை போகும் என்று இன்றைய இளைஞனுக்குச் சொல்லித் தருகிறார்கள். நாண் போனபோது ஆண்மையும் உடன் போயிற்று என்கிறான் குறள் காட்டும் இளைஞன்!

வள்ளுவரை முழுதும் ஒப்புக்கொள்கிறோமா? இல்லை. பெண்வழிச்சேறல் என்ற அதிகாரத்தில், பெண்ணின் ஏவலுக்கு இணங்கி நடக்கும் ஆண்மையைவிட நாணுடைய பெண்மையே மேல் என்று எழுதியவரும் அவர்தான். மனைவியின் சொல் கேட்பவனை இகழ்வதற்குப் பெண்ணின் நாணத்தை அளவுகோலாக அங்கே கொண்டுவருகிறார். தாமே போட்ட வேலியைத் தாமே தாண்டிய இடம் அது. 1949 சனவரியில் சென்னையிலே திருக்குறள் மாநாடு கூட்டிய தந்தை பெரியார், பெண்களைப் பற்றிய குறட் கருத்துகளைக் கண்டிக்கவும் தயங்கியதில்லை. கொள்ளத்தக்கதைக் கொள்வது, தள்ளத்தக்கதைத் தள்ளுவது, அவ்வளவே பகுத்தறிவாளன் ஏட்டைப் படிக்கும் முறை. நாணுடைமை கொள்ளத்தக்கது, பெண்வழிச்சேறல் தள்ளத்தக்கது.

நாணிய மன்னனும் நாணிய வாலியும்

புறநானூற்றின் 65ஆம் 66ஆம் பாட்டுகள் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகிலே புண் உண்டாயிற்று. அதற்கு நாணி, அவன் வடக்கிருந்து உயிர்விட்டான். முதற்பாட்டைப் பாடியவர் கழாத்தலையார். அடுத்ததைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார்; பெண்பாற் புலவர்; குயவர் குடியினர் என்று கொள்ளப்படுபவர். வெற்றி பெற்ற கரிகாலனை நோக்கியே அவர் கேட்கிறார்: வென்றவன் நீதான், ஆயினும் நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ?

முதுகுப் புண்ணுக்காக உயிர் விடுவதை நாம் போற்ற வேண்டியதில்லை. அந்தப் போர்க்கள அறம் மன்னர் காலத்தோடு போகட்டும். நமக்கு வேண்டியது சொல். அங்கே நாணியவன் முடிமன்னன். அந்த நாணத்தை எடுத்துப் பேசியவள் பெண். கேட்டு நின்றவன் வெற்றி வேந்தன். பெருவிரலால் தரையைக் கீறும் பேச்சே அங்கு இல்லை. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே ஒரு பெண் தூக்கிப் பிடித்த கண்ணாடியாக அங்கே நாண் இருக்கிறது.

இன்னொரு சான்று, நம் இயக்கம் நெருப்பிலே நிறுத்திக் கேள்வி கேட்ட நூலிலிருந்தே வருகிறது. 1943இல் அறிஞர் அண்ணா, சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்களை அறிந்தவர்களுக்குக் கம்பராமாயணத்தைப் பற்றிய நம் கருத்து தெரியும். அந்தக் கம்பராமாயணத்திலே, வாலி வதைப் படலத்திலே, ஓர் இடம். மறைந்து நின்று எய்த அம்பு வாலியின் மார்பிலே பாய்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் பார்க்கிறான். எய்தவன் பெயர் தெரிகிறது. சூரிய குலத்து வந்த ஒருவன் வில்லறத்தைத் துறந்தானே, அவனால் அந்தக் குலத்தின் அறமே போயிற்றே என்று எண்ணுகிறான், சிரிப்பு வருகிறது, உள்ளத்திலே நாண் கொள்கிறான். அடுத்த பாட்டு, அவன் வெள்குவதையும் தலை சாய்வதையும் சொல்கிறது.

நாணியவன் யார்? அம்பு பட்டவன்! எய்தவன் நாணியதாகவா கம்பர் பாடினார்? இல்லை. எய்தவன் வாதம் பேசினான். பிறர் பழிக்கும் நாணுகிறவனே நாணத்தின் உறைவிடம் என்ற குறட் கருத்துக்குக் குரங்கு என்று இகழப்பட்டவன் எடுத்துக்காட்டாகிறான். கடவுள் என்று புகழப்பட்டவனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பக்தியின் பக்கம் நின்ற புலவனின் எழுத்தாணியிலேயே உண்மை ஒரு கணம் கசிந்துவிட்டது. ஆயினும், அந்தக் காட்சியிலே நம் நாட்டு நோயும் இருக்கிறது. தவறு செய்தவன் நிமிர்ந்து நிற்க, தவறுக்கு ஆளானவன் நாணத்தைச் சுமக்கிறான். ஏட்டிலே ஒரு வாலி. நாட்டிலே எத்தனை வாலிகள்!

கன்னம் ஏன் சிவக்கிறது?

பெண்ணுக்கு நாணம் இயற்கை என்று சாதிப்போர் கடைசியாக ஓடி ஒளியும் இடம் உடல். 'பாருங்கள், பெண்ணின் கன்னம் சிவக்கிறது. ஆண்டவன் அவளை அப்படிப் படைத்தான்!' என்பார்கள். இதற்கு விடை சொல்ல டார்வினை அழைப்போம். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் முறையைப் பற்றி அவர் 1872இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிலே முகம் சிவத்தலுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. எல்லா வெளிப்பாடுகளிலும் இதுவே மனிதருக்கு மிகச் சிறப்பாக உரியது என்று அவர் எழுதினார். படைத்தவன் ஒரு நோக்கத்தோடு இதை அமைத்தான் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணம், நம் கவனத்தை நம்மேலேயே, அதிலும் முகத்தின்மேல் திருப்புகிறது. அதன் விளைவே சிவப்பு என்று விளக்கினார்.

உடனே, 'பார்த்தீர்களா! டார்வின் சொன்னதை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்!' என்று கூவ வேண்டாம். புஷ்பக விமானத்திலே ஆகாயக் கப்பலைக் காண்போரின் வேலை அது. இருவரும் வெவ்வேறு வழியில் வந்து, நாணுவது மனிதரின் தனித்தன்மை என்ற ஒரே திண்ணையில் அமர்கிறார்கள் என்பது மட்டுமே செய்தி.

பெண்கள் ஆண்களைவிட மிகுதியாக முகம் சிவப்பார்கள் என்று டார்வின் எழுதியதும் உண்மை. அதற்கான விடை அவர் தந்த விளக்கத்திலேயே கிடைக்கிறது. பிறர் பார்வையே சிவப்புக்குக் காரணமென்றால், ஓயாமல் பார்க்கப்படுபவள் ஓயாமல் சிவப்பாள். பிறந்த நாள் முதல் 'உட்காரும் விதம் பார், சிரிக்கும் விதம் பார், நடக்கும் விதம் பார்' என்று வீடும் வீதியும் கண்காணிக்கும் உயிருக்கு முகம் சிவக்காமல் என்ன செய்யும்? இயற்கையின் கைவேலை என்று காட்டப்படுவதில் பெரும்பங்கு காவற்காரனின் கைவேலை.

தோள்சீலையும் திருட்டு அறமும்

சரி, பெண்ணுக்கு நாணம் உயிரினும் சிறந்தது என்ற கொள்கையையாவது இந்தச் சமுதாயம் நேர்மையாகக் காத்ததா? தென் திருவிதாங்கூரின் வரலாற்றைப் புரட்டுங்கள். கல்குளம், இரணியல் பகுதிகள். இன்று கன்னியாகுமரி மாவட்டம். அங்கே நாடார் குலப் பெண்கள், சாணார் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்கள், மார்பின்மேல் தோள்சீலை போடக் கூடாது என்பது கட்டுப்பாடு. மேல்சாதியார் முன்னே மார்பை மூடாதிருத்தலே மரியாதையாம்! 1820களில் பெண்கள் சீலை அணிந்து வெளியே வந்தபோது சந்தையிலும் சாலையிலும் அது கிழிக்கப்பட்டது. 1829இல் அரசு ஆணை, கிழித்தவர்களின் பக்கமே நின்றது. 1858, 1859 ஆண்டுகளில் மீண்டும் கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநராயிருந்த சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னரே, 1859 சூலையில் மன்னர் ஆணை பிறந்தது. அதிலும் ஒரு முள்! மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவது போல் அணியக் கூடாது!

நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்ற சாத்திரமும், கீழ்ச்சாதிப் பெண் மார்பை மூடினால் குற்றம் என்ற சட்டமும் ஒரே நாட்டிலே, ஒரே காலத்திலே, ஒரே கூட்டத்தாரின் வாயிலே வாழ்ந்தன. அப்படியானால் அந்த நாணம் அறமா? அது ஆதிக்கத்தின் கைக்கருவி. தன் வீட்டுப் பெண்ணை அடைக்கும்போது நாணம் என்பான். அடுத்த சாதிப் பெண்ணை அவிழ்க்கும்போது வழக்கம் என்பான். சீலையைக் கிழித்த கைக்கு நாணம் வரவில்லை. வள்ளுவர் சொன்ன நாண் அந்த நாட்டிலே இருந்திருந்தால், கலகம் இல்லாமலே சீலை ஏறியிருக்கும்!

சாதியின் கதையும் இதே கதைதான். தாழ்த்தப்பட்டவன் தன் சேரியின் பெயரைச் சொல்லக் கூசினான். தாழ்த்தியவனோ தன் பெயரின் வாலிலே சாதியைத் தொங்கவிட்டு மார் தட்டினான். கூசவேண்டியவன் யார், கூசியவன் யார்? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கும்படி தீர்மானித்தது. அன்று முதல் எத்தனையோ பேர் தம் பெயரின் வாலை வெட்டினார்கள். அது வெறும் பெயர் மாற்றம் என்று எண்ணாதீர்கள். உயர்ந்தவன் என்ற பட்டத்தைச் சுமப்பதே இழிவு என்று அந்தப் பட்டத்துக்குரியவனே உணர்ந்தான், நாணினான். நாண் உரியவனிடம் திரும்பிய நாள்களுள் அது ஒன்று.

1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் வெளியிட்ட நாவலின் பெயரையும் நினையுங்கள்: 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தேவதாசி முறை என்ற இழிவைப் பற்றி ஊர் பேசியபோதெல்லாம் நாணமற்றவள் என்று பெண்ணையே சுட்டியது. அம்மையாரோ தலைப்பிலேயே மைனரையும் இழுத்து வந்து நிறுத்தினார். மதி பெற வேண்டியவன் அவனல்லவா? 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சட்டத்துக்கு முன்னே நடந்தது, நாணத்தின் முகவரியை மாற்றும் வேலை.

செய்தித்தாளின் அகராதி

இத்தனைக்குப் பிறகும் திருட்டு நின்றதா? நீண்ட காலம் நம் செய்தித்தாள்கள் எழுதிய இரண்டு சொற்களைப் பாருங்கள். 'கற்பழிப்பு', 'மானபங்கம்'. ஒருவன் ஒரு பெண்ணின்மேல் பாய்ந்து கொடுமை இழைக்கிறான். அழிந்தது அவள் கற்பாம். பங்கப்பட்டது அவள் மானமாம்! திருடன் புகுந்த வீட்டுக்காரனைப் பார்த்து 'உன் நேர்மை போயிற்றே' என்று எவரேனும் அழுவாரா? குற்றம் ஒருவனுடையது, நாணம் மற்றொருத்திக்கு என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதனால்தான் கொடுமைக்கு ஆளானவள் வாய் திறக்க அஞ்சுகிறாள்; கொடுமை செய்தவன் மாலை நேரத்துத் தேநீர்க் கடையிலே கால்மேல் கால் போட்டு அமர்கிறான்.

சட்டமும் இதற்கு விலக்கு அன்று. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, பெண்ணின் 'மாடஸ்டி'யைக் குலைக்கும் நோக்கோடு தாக்குவதைக் குற்றம் என்றது. அடக்கம், நாணம் என்று நாம் பெயர்க்கும் சொல் அது. 2024 சூலை 1ஆம் நாள் அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பெயர் மாறிற்று, மொழி மாறிற்று, எண் 74 ஆயிற்று. அந்தச் சொல் மட்டும் அப்படியே அமர்ந்திருக்கிறது! தாக்கப்பட்டது ஒரு மனித உயிரின் உடல், அவளுடைய உரிமை என்று சொல்லச் சட்டத்துக்கு இன்னும் நா எழவில்லை.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சொற்களை மாற்ற முடியும் என்று தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 'கற்பழிப்பு' என்ற இடத்திலே 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதும் ஏடுகள் பெருகியிருக்கின்றன. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொன்றபோது, அதைக் 'கௌரவக் கொலை' என்றார்கள். கொலையிலே என்ன கௌரவம் என்று கேட்டவர்கள், 'ஆணவக் கொலை' என்ற சொல்லை நாட்டிலே நிலைநிறுத்தினார்கள். முதற்சொல் கொன்றவனுக்கு மாலை சூட்டியது. இரண்டாவது சொல் அவன் முகத்திலே குற்றத்தை எழுதியது. தந்தை பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலைக் கற்பு என்ற ஒரு சொல்லை ஆராய்ந்தே தொடங்கினார் என்பதை எண்ணுங்கள். விலங்கைச் செய்கிறவன் இரும்பிலே மட்டும் செய்வதில்லை, சொல்லிலேயும் செய்கிறான்.

நாண் என்னும் கயிறு

பாரதியார் 'புதுமைப் பெண்' பாடலில் நாணத்தையும் அச்சத்தையும் பெண்ணுக்கு வேண்டாதவை என்று வீசி எறிந்தார். கூச்சம் என்ற பொருளில் அது சரியான வீச்சு. ஆனால், வீச்சோடு வேலை முடியவில்லை. பெண்ணின் தலையிலிருந்து இறக்கிய சுமையைத் தெருவிலே போட்டுவிட்டுப் போனால், செயலுக்கு நாணும் அந்த மனித உணர்ச்சியும் சேர்ந்து தொலைந்துபோகும். நாணமே இல்லாத நாடு விடுதலை பெற்ற நாடு ஆகாது. இலஞ்சம் வாங்கியவன் நாணாத நாடு, சேரிக்குத் தனிச் சுடுகாடு வைத்தவன் நாணாத நாடு, பெற்ற மகளைக் கொன்றவன் நாணாத நாடு, அது எப்படி விடுதலை பெற்ற நாடாகும்?

ஆகவே தோழர்களே, நாணத்தை இடம் மாற்றுவோம். காதல் திருமணம் செய்த பெண் நாண வேண்டாம்; வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளை நாணட்டும். கைம்பெண் மறுமணம் செய்ய நாண வேண்டாம். அவளை மங்கல வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாணட்டும். தன் உடலிலே இயல்பாக மாதந்தோறும் நிகழ்வதற்குச் சிறுமி நாண வேண்டாம். அதைத் தீட்டு என்றவர்கள் நாணட்டும். மலக்குழியிலே இறக்கப்பட்ட தொழிலாளி தன் தொழிலுக்கு நாண வேண்டாம். 2013இல் அதைத் தடுக்கச் சட்டம் செய்த பிறகும் அவனை இறக்கி விடுகிறவர்கள் நாணட்டும்.

'நாண்' என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் ஒரு பொருள் உண்டு. வில்லுக்கு நாண், அரையிலே அரைநாண், பெண்ணின் கழுத்திலே மங்கலநாண். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும் என்று சொல்லி, மங்கலநாணைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. கழுத்துக் கயிறு கட்டாயமில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. மனக் கயிற்றை அவிழ்ப்பது நம் வேலை.

இந்த இரு பொருளையும் வைத்தே வள்ளுவர் தம் அதிகாரத்தை முடிக்கிறார். உள்ளத்திலே நாண் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிருள்ளது போல் காட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. உள்ளே இருக்க வேண்டிய நாணைப் பறித்துவிட்டு, வெளியே ஒரு நாணைக் கட்டி ஆட்டினால், மனிதர் பொம்மையாவர். பெண்ணைக் கயிற்றால் ஆட்டினார்கள். அவள் அறுத்துக்கொண்டு வருகிறாள். ஆட்டியவன் கையில் அறுந்த கயிறு மிச்சமிருக்கிறது. அதைப் பார்த்து அவன் இனியேனும் நாணட்டும்!